பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு ஒரு ஸ்பிரிங்

"வால்வு ஸ்பிரிங் இருக்குமா மேடம்?"

"இருக்கு" என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று ஈஸ்வரிக்கு உறைத்தது.

போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைப் பார்த்தாள். புது எண். குரல்தான் பழசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து, "அத்தை, நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டோம்" என்று சொன்ன அதே குரல். அன்றைக்குப் போனை வைத்தவள், அந்தப் பிரபுவோடு மட்டுமல்ல, பெற்ற மகள் சுகன்யாவோடும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"யாரு பேசுறது?" என்று தெரியாதது போலக் கேட்டாள்.

"கஸ்டமர் மேடம். கோயம்புத்தூர்ல ரேஸ் வண்டி தயார் பண்ற பட்டறையில இருந்து பேசுறேன்."

ஈஸ்வரிக்கு இக்கட்டாகிவிட்டது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் நடத்தும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், யாரையும் 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பியதே கிடையாது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புக்காரர்கள் எந்தச் சாமானைக் கேட்டாலும் "இருக்கு, காலையில வாங்க" என்பாள். பிறகு தேனிக்கும் மதுரைக்கும் போன் போட்டு எப்படியாவது வரவழைத்துவிடுவாள். இப்போதும் 'இருக்கு' என்று வாய் சொல்லிவிட்டது. மருமகன் கேட்டான் என்பதற்காகச் சொன்ன சொல்லை மாற்ற முடியுமா?

"எந்த வண்டிக்கு?"

"ரேஸ் வண்டிக்கு. நான்தான் ஓட்டுறேன். இஞ்சின் பன்னிரண்டாயிரம் சுத்து சுத்தும். ஸ்பிரிங்கும், அது மேல வைக்கிற ரிட்டைனரும் வேணும்."

"பன்னிரண்டாயிரமா? எம்புட்டு நேரத்துக்கு?"

"ஒரு நிமிசத்துக்கு அத்தை."

"அத்தையா? கடையில அத்தையெல்லாம் கிடையாது."

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"அளவை வாட்சப்புல அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். 'அனுப்பு' என்று சொல்லாமல் 'அனுப்புங்க' என்று சொன்னதில் அவளுக்கு ஒரு திருப்தி.

மலைக்குப் போய்விட்டு வந்து ஜீப்பை நிறுத்திய கணவர் காசிமாயன், சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்: "கோயம்புத்தூருல இருந்து போனு வந்துச்சாமே?"

"கஸ்டமரு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்துகொண்டார்.

"இந்தா பாருங்க, நான் மருமகனோட பேசல. கஸ்டமரோட பேசுனேன். ரெண்டும் வேற வேற."

"நான் ஒண்ணும் சொல்லலையே ஈஸ்வரி."

"சொல்லாமலே சிரிக்கிறீக. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான். அதுக்கப்புறம் அழுது, சோறு திங்காம கிடந்து, என்னைச் சம்மதிக்க வச்சிருக்கணும். அதானே முறை? எல்லாத்தையும் முடிச்சுட்டு போனுல சொன்னா எப்படி?"

பிரபு பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பையன். ராசிங்காபுரத்தில் தோட்டமும் கிணறும் உள்ள தன் பிறந்த வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று முதலில் அவள் தவித்தது உண்மை. அந்தத் தவிப்பு கொஞ்ச நாளில் போய்விட்டது. ஆனால் தன்னைக் கேட்கவில்லை என்பது மட்டும் முள்ளாக நின்றுவிட்டது. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது எதைச் சாக்காக வைத்துப் பேசுவது என்பதும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்துப் பட்டறை மொக்கையனைக் கூப்பிட்டாள். அவன் ஜீப் மெக்கானிக். கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வது அவன் வழக்கம்.

"வால்வுங்கிறது இஞ்சினுக்குக் கதவு மாதிரிக்கா. கேமு அதைத் தள்ளித் தொறக்கும். ஸ்பிரிங்கு இழுத்து மூடும். அந்த ஸ்பிரிங்குக்குத் தலையில தொப்பி மாதிரி உக்காந்திருக்கதுதான் ரிட்டைனரு."

"அது தெரியும்டா. வேகமாச் சுத்துனா என்ன ஆகும்?"

"கதவு மூடுறதுக்குள்ள அடுத்த தடவை தொறக்க வந்துரும். பிஸ்டன் மேல வந்து கதவுல முட்டும். அம்புட்டுத்தான், இஞ்சின் சோலி முடிஞ்சுச்சு."

ஈஸ்வரி கையிலிருந்த பில்லைக் கீழே வைத்தாள். "ஓட்டுறவனுக்கு ஏதும் ஆகுமா?"

"அந்த வேகத்துல இஞ்சின் இறுகி நின்னா என்னாகும்? ஆளு அந்தரத்துலதான்."

அதைக் கேட்ட பிறகு அவளுக்கு அது வெறும் வியாபாரமாக இல்லை. "எந்த ஸ்பிரிங்கு போடணும், வெரசாச் சொல்லு."

"கெட்டியானது. எம்புட்டுக் கெட்டியோ அம்புட்டு நல்லது."

ஜீப்பைத் தவிர வேறு இஞ்சினைப் பிரித்துப் பார்க்காத மொக்கையன் அதைச் சொன்ன தோரணையில் அவள் நம்பிவிட்டாள். பிரபு அனுப்பிய அளவுக்குள் கிடைத்ததிலேயே கெட்டியான ஸ்பிரிங்குகளை வரவழைத்து, கோயம்புத்தூர் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டாள். பெட்டிக்குள் அவை ஒன்றோடொன்று உரசக் கூடாது அல்லவா? அதற்காக நடுவில் இரண்டு பொட்டலம் கைமுறுக்கை வைத்து அடைத்தாள்.

"முறுக்கு எதுக்கு?" என்றார் காசிமாயன்.

"பேக்கிங்கு."

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"மேடம், ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி. அழுத்தம் தாங்காம கேம் தேயுது."

ஈஸ்வரி திரும்பி மொக்கையனைப் பார்த்தாள். அவன் ஏதோ அவசர வேலை போல ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

"பேக்கிங் ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். வீட்டுல பேக்கிங்கை ஒரே நாள்ல தின்னு முடிச்சிட்டாங்க."

"யாரு தின்னது?"

"ஒய்ஃபுதான் மேடம்."

அவள் பில் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு, "ஸ்பிரிங்கைத் திருப்பி அனுப்புங்க. வேற தர்றேன்" என்றாள்.

திரும்பி வந்த ஸ்பிரிங்குகளில் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை. 'இந்த அளவுக்குச் சாமானைத் துடைச்சு அனுப்புற கஸ்டமர் எங்க இருக்கான்' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். இந்தத் தடவை மெலிதான ஸ்பிரிங்காகப் பார்த்து அனுப்பினாள். பேக்கிங்குக்கு அதிரசம்.

"மேடம், வால்வு மிதக்குது."

"மிதக்குதா? இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சா?"

"இல்ல மேடம். ஸ்பிரிங்குக்குப் பலம் பத்தல. வேகம் கூடுனா வால்வு முழுசா மூடாம அந்தரத்துலயே நிக்குது. அதைத்தான் மிதக்குதுன்னு சொல்றது."

அப்போது அவன் பக்கத்திலிருந்து, "அம்மாவா?" என்று மெல்லக் கேட்டது ஒரு பெண் குரல்.

ஈஸ்வரி போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கஸ்டமர் வீட்டுல எல்லாரும்... சாப்பிட்டாச்சா?"

"இனிமேத்தான் மேடம்."

"மணி மூணாகப் போகுது, இனிமேத்தானா? சரி, அது எனக்கெதுக்கு. ரிட்டைனர் எடை எம்புட்டுன்னு சொல்லுங்க."

"அளந்துட்டு நாளைக்குக் கூப்பிடுறேன் மேடம்."

அவனுக்கு எதையும் உடனே சொல்ல வராது. எதைக் கேட்டாலும் அளந்துவிட்டு நாளைக்குக் கூப்பிடுவான். அதனால் தினமும் ஒரு போன் வந்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தது. ஈஸ்வரியும் சும்மா இருக்கவில்லை. தோசை ஊற்றும்போதுகூடப் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, இஞ்சின் வீடியோ பார்த்தாள். தோசை கருகியது. காசிமாயன் கருகிய தோசையை ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

அந்த வீடியோக்களில் ஒரு விஷயம் பிடிபட்டது. தலையில் இருக்கும் தொப்பி கனமாக இருந்தால், அதைத் தூக்கி இறக்க ஸ்பிரிங் கெட்டியாக வேண்டும். தொப்பியின் எடையைக் குறைத்தால் அளவான ஸ்பிரிங்கே போதும்.

அவள் அதைச் சொல்வதற்குள் பிரபுவே கேட்டான்: "டைட்டானியம் ரிட்டைனர் இருக்குமா மேடம்?"

"இருக்கு."

டைட்டானியம் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரிந்தே நாலு நாள்தான் ஆகியிருந்தது. மதுரையில் ஒருவரைப் பிடித்து, அவர் வேறொருவரைப் பிடித்து, ஒரு வழியாக அது வந்து சேர்ந்தது. பஞ்சு போல எடையே இல்லை. கூடவே ஒன்றுக்குள் ஒன்றாகப் போடும் இரட்டை ஸ்பிரிங்கும் வந்தது.

"இதை அளக்காம அனுப்பக் கூடாது" என்றாள் மொக்கையனிடம். "வால்வு முழுசாத் தொறக்குறப்ப சுருளும் சுருளும் ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங்கு ஒடிஞ்சுரும். எம்புட்டு அமுக்குனா எம்புட்டு அழுத்தம் வருதுன்னு பாக்கணும்."

"அதுக்கு மிஷின் வேணுமேக்கா."

"உன் துளை போடுற மிஷினு இருக்குல்ல? அது தலையை வச்சு ஸ்பிரிங்கை அமுக்கு. அடியில தராசை வைப்போம்."

தராசு பக்கத்து ஏலக்காய் வியாபாரி கண்ணுச்சாமியிடம் இரவல் வாங்கியது. அவருடைய குடோனுக்கும் மொக்கையனின் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் சாம்பிள் காய்களைப் பைகளில் நிரப்பி, வாய் கட்டாமல் வைத்திருந்தார்.

ஸ்பிரிங் மேல் ரிட்டைனரை வைத்து மொக்கையன் கைப்பிடியை இறக்கினான்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் ஈஸ்வரி.

"போதும்க்கா."

"இன்னும் ஒரு இழை இறக்குடா, பயந்தாங்கொள்ளி."

'ணங்' என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் தகரக் கூரையில் அடித்து, மொக்கையனின் டீ கிளாஸை உடைத்து, வாசலில் போய் விழுந்தது. ரிட்டைனரைக் காணவில்லை.

இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். ஜீப்புக்கு அடியில், எண்ணெய் டப்பாவுக்குள், மொக்கையனின் சட்டைப் பைக்குள்கூடத் தேடிவிட்டார்கள். கடைசியில் ஈஸ்வரி தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் தரை காலி.

"இங்க இருந்த சாம்பிள் பையெல்லாம் எங்கடா?"

"இப்பத்தான் ஏலத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க."

ஈஸ்வரி செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோவில் ஏறினாள்.

அவள் ஏல மையத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஒரே சத்தம். ஒரு வியாபாரி, தட்டில் கொட்டிய ஏலக்காய்க்கு நடுவிலிருந்து ரிட்டைனரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னய்யா கண்ணுச்சாமி இது? காய்க்குள்ள இரும்பைப் போட்டு எடை கூட்டுறீங்களா?"

கண்ணுச்சாமி தட்டுக்குப் பக்கத்தில் ஓடி வந்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவர்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. "சத்தியமா இது என்னன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"அது என்னோடது!" என்று கத்திக்கொண்டே ஈஸ்வரி கூட்டத்தை விலக்கினாள். "எடை கூட்டுறதுக்கு இது இரும்பு இல்ல, டைட்டானியம். எடையைக் குறைக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான். கையில வச்சுப் பாருங்க!"

வியாபாரி வைத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் வாங்கிப் பார்த்தார். அது கைமாறிக் கைமாறிப் போனது.

"அட, ஆமாப்பா. கனமே தெரியல. இது எதுக்கும்மா?"

ஈஸ்வரி சொல்ல ஆரம்பித்தாள். வால்வு என்பது கதவு, ஸ்பிரிங் கெட்டியானால் கேம் தேயும், மெலிந்தால் வால்வு மிதக்கும், தொப்பி லேசானால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பிறக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஏலத்தை மறந்து எல்லோரும் கேட்டார்கள்.

"நிமிசத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுத்தா!" என்று ஒரு பெரியவர் வாயைப் பிளந்தார். "அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுறது யாரும்மா?"

"என் மருமகன்" என்றாள் ஈஸ்வரி.

சொன்ன பிறகு அவளே திகைத்து நின்றாள். 'என்' என்று சேர்த்து அந்த வார்த்தையை அவள் வாய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

கண்ணுச்சாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மருமகனா? உங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லைன்னு ஊருக்குள்ள..."

"ஊருக்கு வேற சோலி இல்ல. அதைக் கொண்டாங்க இங்க" என்று ரிட்டைனரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோ வீட்டு வாசலுக்கு வரும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஒன்றும் அப்படி அதிகமில்லை.

அந்த ரிட்டைனரையும் அனுப்பிப் பார்த்தாயிற்று. அதுவும் ஆகவில்லை. "வால்வைப் பிடிக்கிற லாக்கோட சாய்வு வேற, ரிட்டைனர் ஓட்டையோட சாய்வு வேற மேடம். உக்கார மாட்டேங்குது" என்றான் பிரபு. குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும், "நீங்க வேற பாருங்க மேடம், ஞாயித்துக்கிழமை ரேசு. அதுக்குள்ள கிடைச்சாப் போதும்" என்றான்.

ஈஸ்வரி ஒருவர் விடாமல் எல்லோரையும் போனில் பிடித்தாள். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். கீழே அகன்று மேலே குறுகிய, தேன்கூடு போன்ற ஒற்றை ஸ்பிரிங். தலை குறுகியதால் தொப்பியும் சின்னது. அதற்கேற்ற லாக்கும் சேர்ந்தே வந்தது. இந்தத் தடவை துளை போடும் மிஷினைச் சுற்றிக் கோணியைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார்கள். அழுத்தம் சரி. சுருளுக்குச் சுருள் இடைவெளி சரி. மொக்கையனே, "இது பொருந்தலைன்னா இஞ்சின்லதான்க்கா கோளாறு" என்று சொல்லிவிட்டான்.

"பார்சல்ல போட்டா தட்டி நசுக்கிருவாங்க" என்றாள் ஈஸ்வரி வீட்டில். "நானே கொண்டு போறேன்."

காசிமாயன் ஏற்கெனவே வெள்ளை வேட்டியை எடுத்து வெளியே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த அந்த ரேஸ் மைதானத்தில் காது அடைக்கும் சத்தம். ஏதேதோ வண்டிகள் சீறிக்கொண்டு போயின. ஒரு கையில் ஸ்பிரிங் பெட்டியும் மறு கையில் பெரிய தூக்குப் பையுமாக, ஈஸ்வரி கொட்டகை கொட்டகையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா!"

சுகன்யா ஓடி வந்து, இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். கிட்டே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஈஸ்வரி தூக்குப் பையை நீட்டினாள். "இந்தா. பேக்கிங்கு."

அதற்குப் பிறகு சுகன்யா அழுததும், பை கீழே விழுந்ததும், ஈஸ்வரி "முறுக்கு நொறுங்குதுடி" என்று அதட்டிக்கொண்டே மகளை விடாமல் பிடித்துக்கொண்டதும் எல்லாம் ஒன்றாக நடந்தது. காசிமாயன் குனிந்து பையை எடுத்து, தூசி தட்டினார்.

பிரபு கையைத் துணியில் துடைத்தபடி வந்து தயங்கி நின்றான். "வாங்க மேடம்."

"என்ன மேடம்? மேடத்தைப் பாக்கணும்னா போடிக்கு வந்து கடையில பாரு. இங்க வந்திருக்கது உன் அத்தை."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"அழறதெல்லாம் அப்புறம். மொதல்ல இதை வெரசா மாட்டு மாப்ளே" என்று பெட்டியை அவன் கையில் திணித்தாள். "தேன்கூட்டு ஸ்பிரிங்கு. நானே அளந்து பார்த்தது. வால்வு மிதக்காது, கேம் தேயாது. இது இல்லாம நீ வண்டியில ஏறுன, நான் குறுக்க வந்து படுத்துருவேன். சொல்லிட்டேன்."

பிரபு சுகன்யாவைப் பார்த்தான். சுகன்யா அப்பாவைப் பார்த்தாள். காசிமாயன் அவசரமாக வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்தார்.

"மாட்டிட்டு வந்துர்றேன் அத்தை" என்று பிரபு பெட்டியோடு கொட்டகைக்குள் போனான்.

"நீ வாம்மா, அங்க நிழல்ல உக்காரலாம். டீ சாப்பிடு" என்று சுகன்யா இழுத்தாள்.

"மாட்டுறதைப் பாத்துட்டு வர்றேன்டி."

"உள்ள விட மாட்டாங்கம்மா."

தாயும் மகளும் நிழலில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்துப் பேச்சைப் பேச ஆரம்பித்தார்கள். மகளுக்கு வாய் ஓயவில்லை. தாய்க்கும் ஓயவில்லை. சுகன்யா டீ வாங்க எழுந்து போன சமயத்தில், பட்டறைத் தொப்பி அணிந்த ஒரு பெண் கொட்டகையிலிருந்து வந்து, அந்த ஸ்பிரிங் பெட்டியை ஈஸ்வரியிடமே நீட்டினாள்.

"ஆன்ட்டி, இது நீங்க கொண்டு வந்ததா? பிரபு அண்ணன் டேபிள் மேல வச்சிட்டுப் போயிட்டாரு, காணாமப் போயிரப் போகுது. எங்க வண்டியெல்லாம் பேட்டரியில ஓடுறது, அதுல இஞ்சினே கிடையாதே!"